டான்யூப் ஆற்றில் ஒரு வாரம்: பாஸாவ் முதல் புடாபெஸ்ட் வரையிலான கப்பல் பயணத்தைத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பலில் போக வேண்டும் என்று யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு விளம்பரத்தோடுதான் வருகிறார்கள். எந்தக் கப்பல், எந்த அறை, எவ்வளவு தள்ளுபடி என்பதிலேயே பேச்சு ஆரம்பிக்கிறது. ஆற்றின் எந்தப் பகுதி, எந்த மாதம், எந்த நாட்டில் எத்தனை இரவு ஆகிய மூன்று கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை. பணம் கட்டிய பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் முளைக்கின்றன. கப்பலையும் அறையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மனியின் பாஸாவ் நகரில் ஏறி ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்டில் இறங்கும் ஏழு இரவுப் பயணம். ஆற்று வழியில் சுமார் 580 கி.மீ. சென்னையிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில் கிளம்புபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் வேண்டும், விதிகளும் அவையே. பிரிட்டிஷ், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. முதலில் ஆற்றின் பகுதியை முடிவு செய்யுங்கள்

டான்யூப் ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து கருங்கடலில் சேரும் ஆறு, சுமார் 2,850 கி.மீ. நீளம். கப்பல் நிறுவனங்கள் இதைத் துண்டு துண்டாக விற்கின்றன. நியூரம்பெர்க்–புடாபெஸ்ட், பாஸாவ்–புடாபெஸ்ட், புடாபெஸ்டுக்குக் கீழே பெல்கிரேட் வழியாக ருமேனியா வரை, ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை இரண்டு வாரம் என்று பல உண்டு.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பாஸாவ்–புடாபெஸ்ட். காரணம் தண்ணீர். பாஸாவுக்கு மேலே ஸ்ட்ராபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கி.மீ. தூரத்துக்கு ஆற்றில் தடுப்பணையே இல்லை. மழை குறைந்தால் முதலில் ஆழம் போவது அங்கேதான். கப்பல் அங்கே நின்றுவிட்டால் உங்களைப் பேருந்தில் ஏற்றி, அந்தப் பக்கம் காத்திருக்கும் இன்னொரு கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். நியூரம்பெர்க், ஆம்ஸ்டர்டாம் பயணங்கள் இரண்டும் இந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். பாஸாவில் ஏறினால் அது உங்கள் பாதையிலேயே இல்லை.

நியூரம்பெர்க் பாதையில் இன்னொரு விஷயமும் உண்டு. 1992-இல் முடிந்த மைன்–டான்யூப் கால்வாயில்தான் முதல் நாள்கள் போகும். கப்பலை நீரோடு ஏற்றி இறக்கும், லாக் எனப்படும் நீர்க்கதவுத் தொட்டிகள் அங்கே 12 மீட்டர் அகலம்தான், கப்பலோ 11.4 மீட்டர். ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் ஈரமான கான்கிரீட் சுவர் மேலே போய்க்கொண்டே இருக்கும். பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பெரிய காட்சி. பழைய நகரங்களைப் பார்க்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். பாஸாவுக்குக் கீழே லாக்குகள் 24 மீட்டர் அகலம், அத்தனை நெருக்கம் இல்லை.

பெல்கிரேட் பக்கம் போகும் பயணங்களை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செர்பியா ஷெங்கனில் இல்லை. வெளியே போய்த் திரும்ப உள்ளே வர, பல முறை நுழையும் விசா வேண்டும்.

2. மாதத்தை ஆற்றின் நீரளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

பள்ளி விடுமுறையை வைத்து மே மாதத்தைப் பிடிப்பதுதான் நம் வழக்கம். ஆற்றுக்கு அது தெரியாது. ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி இன் ஆறு வழியாக பாஸாவில் வந்து சேர்வது மே, ஜூன், ஜூலையில்தான். அதோடு கனமழையும் சேர்ந்தால் வெள்ளம். 2013 ஜூனில் பாஸாவில் தண்ணீர் 12.89 மீட்டருக்கு ஏறியது, 1501-க்குப் பிறகு அந்த ஊர் காணாத உயரம். நீர் ஏறினால் கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது, லாக்குகளும் மூடப்படும்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பிரச்சினை தலைகீழ். 2018-லும் 2022-லும் கோடை வறட்சியில் கப்பல்கள் திணறின. பாஸாவுக்குக் கீழேயும் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கு, வியன்னாவுக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய இரண்டும் தடுப்பணை இல்லாத இடங்கள். எனவே முழுப் பாதுகாப்பு என்று எந்த மாதமும் கிடையாது. 2024 செப்டம்பரில்கூட ஆஸ்திரியாவில் பெரும் வெள்ளம் வந்து கப்பல்கள் நின்றன.

அப்படியானால் எதைப் பிடிப்பது? என் தேர்வு செப்டம்பர் முதல் பாதி. வெயில் தணிந்திருக்கும், மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், வாஹாவில் திராட்சை அறுவடை தொடங்கும் நேரம். அதற்கு அடுத்தபடி ஏப்ரல் பிற்பகுதி. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைப் பயணங்கள் நடக்கும். சந்தைகள் அழகாக இருக்கும், ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிடும். மேல்தளத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கும் இன்பம் கிடைக்காது. அதற்காகப் போகிறவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடலாம்.

தேதியை நிச்சயிக்கும்முன் விடுமுறை நாள்களையும் பாருங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டு 20 ஹங்கேரியின் தேசிய நாள். புடாபெஸ்டில் ஆற்றின் மேலேயே வாணவேடிக்கை நடக்கும், கரை முழுக்கக் கூட்டம்.

3. எந்த இடத்தைப் பகலில் கடக்கிறது என்று கேளுங்கள்

பாதையும் மாதமும் முடிந்ததும் நிறுவனங்களின் நாள்வாரி அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் நேரத்தில்தான்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 35 கி.மீ. வாஹாவ் பள்ளத்தாக்கு, யுனெஸ்கோ 2000-இல் பட்டியலில் சேர்த்த இடம். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கல் சுவர் கட்டிய திராட்சைத் தோட்டங்கள், நடுவில் டூர்ன்ஸ்டைன் ஊரின் நீல வெள்ளைக் கோபுரம், அதற்கு மேலே பாறையில் ஒரு கோட்டைச் சிதைவு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192–93-இல் சிறை வைத்த கோட்டை அது. மொத்தப் பயணத்திலும் கப்பலில் இருந்தே பார்க்க வேண்டிய இடம் இதுதான். இதை இரவில் கடக்கும் அட்டவணைகளும் விற்பனைக்கு உண்டு. "வாஹாவைப் பகலில் கடக்கிறீர்களா, எத்தனை மணிக்கு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி புடாபெஸ்ட் பற்றியது. ஆற்றின் இரு கரையும் விளக்கேற்றிய பிறகு நாடாளுமன்றத்தைக் கடந்து உள்ளே வரும் கப்பல் உண்டு, விடியற்காலையில் சத்தமில்லாமல் வந்து கட்டும் கப்பலும் உண்டு. விடியலில் வருவதாக இருந்தால், ஒரு மாலையாவது ஆற்றில் சுற்றிக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

திசையும் இதில் சேர்ந்தது. புடாபெஸ்டிலிருந்து பாஸாவுக்கு எதிர்நீரில் போனால் கப்பல் மெதுவாகப் போகும், வாஹாவைப் பார்க்க நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கீழ்நோக்கி வந்தால் சிறிய ஊரில் தொடங்கிப் பெரிய நகரத்தில் முடிக்கலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு பாஸாவ் போன்ற அமைதியான ஊரில் உடம்பைச் சரிசெய்துகொள்வது நல்லது என்பதால் கீழ்நோக்கிப் போவதையே சொல்வேன்.

4. இரவுக் கணக்கு போடுங்கள், விசா எங்கே என்பது தெரியும்

அதிகம் பேர் தடுமாறும் படி இது. ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும். எந்த நாட்டிலும் அதிகம் என்று சொல்ல முடியாமல் சமமாக வந்தால், முதலில் நுழையும் நாட்டில் கேட்க வேண்டும். "ஜெர்மனியில்தானே இறங்குகிறோம்" என்று நேராக ஜெர்மன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விமானத்தில் வந்து பாஸாவில் விடுதியில் ஓர் இரவு, கப்பலேறிய முதல் இரவு: ஜெர்மனி 2. லின்ஸ் பக்கம் ஓர் இரவு, வாஹாவ் பக்கம் ஓர் இரவு, வியன்னாவில் இரண்டு: ஆஸ்திரியா 4. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவை விட்டுக் கிளம்பி ஆற்றில் ஓடும் ஓர் இரவு. பிறகு புடாபெஸ்டில் கப்பலில் ஓர் இரவு, இறங்கியபின் விடுதியில் ஓர் இரவு: ஹங்கேரி 2. இந்தக் கணக்கில் விசா ஆஸ்திரியாவுடையது, யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்போது புடாபெஸ்ட் பிடித்திருக்கிறது என்று விடுதியில் மேலும் இரண்டு இரவு சேர்த்தால் ஹங்கேரியும் 4. ஆற்றில் ஓடிய அந்த ஓர் இரவை எந்த நாட்டில் சேர்ப்பது என்று பார்க்கும் அதிகாரி தலையைச் சொறிவார். மூன்று இரவு சேர்த்தால் விசா ஹங்கேரி பக்கம் போய்விடும். ஆகவே இழுபறியில் விடாமல், ஏதாவது ஒரு நாட்டுக்கு இரண்டு இரவாவது அதிகம் வருவது மாதிரி விடுதி நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள். விசா வந்த பிறகு இந்தக் கணக்கை மாற்றாதீர்கள்.

5. கட்டணம் கட்டும்முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மிக முக்கியமானது, தண்ணீர் சரியில்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்ற பத்தி. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கப்பலை மாற்றவும், பேருந்தில் கொண்டுபோகவும், விடுதியில் தங்கவைக்கவும் நிறுவனத்துக்கு உரிமை இருக்கும். பணம் திரும்பத் தருவது அவர்கள் விருப்பம் என்று எழுதியிருக்கும். இதை மாற்ற முடியாது, ஆனால் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடலாம். ஒரே நிறுவனத்துக்கு அந்தப் பாதையில் பல கப்பல்கள் இருந்தால் நல்லது. ஆற்றில் ஓரிடம் அடைபட்டாலும், அந்தப் பக்கம் இருக்கும் தங்கள் கப்பலோடு பயணிகளை மாற்றிக்கொள்வார்கள். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு அதே மாதிரி அறைக்குப் போய்விடலாம்.

அடுத்து, விலையில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது. துறைமுகக் கட்டணம், ஊர் சுற்றிக் காட்டுவது, சாப்பாட்டோடு பானம், விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு வண்டி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஊழியர்களுக்கு டிப்ஸ் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 10 முதல் 15 யூரோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. இரண்டு பேருக்கு ஏழு நாள் என்றால் அது சின்னத் தொகை இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு ஒற்றை ஆள் கூடுதல் கட்டணம் உண்டு. அது இல்லாத சில தேதிகள் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கிடைக்கும்.

இந்தியாவில் உள்ள ஏஜென்டிடம் வெளிநாட்டுச் சுற்றுலாவாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் சேருகிறதா என்று பாருங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, வாங்கும் வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. அறையை இப்போது தேர்ந்தெடுங்கள்

ஆற்றுக் கப்பல் கடல் கப்பல் மாதிரி இல்லை. 135 மீட்டர் நீளம், மூன்று தளம், அதற்கு மேலே திறந்த மொட்டைத் தளம். கீழ்த்தளத்தில் ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சின்னதாக இருக்கும், திறக்க முடியாது. விலை நன்றாகக் குறையும். நடுத்தளத்திலும் மேல்தளத்திலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு, வெளியே ஒரு கம்பித் தடுப்பு. இதைத்தான் பிரெஞ்சு பால்கனி என்று விற்கிறார்கள். அதில் நாற்காலி போட முடியாது, கதவைத் திறந்து காற்று வாங்கலாம், அவ்வளவுதான்.

பால்கனிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. நெரிசலான ஊர்களில் கப்பல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இரண்டு மூன்றாகக் கட்டப்படும். காலையில் திரையை விலக்கினால் எதிரே இன்னொரு கப்பலின் அறை இருக்கும், அங்கே ஒருவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். கரைக்குப் போவதும் அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான். ஆற்றைப் பார்க்கும் நேரமெல்லாம் நீங்கள் மொட்டைத் தளத்தில்தான் இருப்பீர்கள், அது எல்லா அறைக்காரர்களுக்கும் பொது.

எந்தத் தளம் என்றாலும் நடுப்பகுதி அறையைக் கேளுங்கள். பின்புறம் இன்ஜின் சத்தம். முன்புறம், கரை கட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரத்தின் சத்தம், அது நள்ளிரவிலும் விடியலிலும் வரும்.

அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் லிஃப்ட் எந்தத் தளம் வரை போகிறது என்று கேளுங்கள். கீழ்த்தளத்துக்கும் மொட்டைத் தளத்துக்கும் பெரும்பாலும் படிதான். குழந்தையோடு போகிறவர்கள் வயது வரம்பைக் கேளுங்கள். பல கப்பல்களில் மூன்றாவது படுக்கையே கிடையாது, சில நிறுவனங்கள் சிறுவர்களை ஏற்றுவதும் இல்லை.

7. முன்பணம், விசா, விமானம்: இந்த மூன்றின் வரிசை

செப்டம்பர் 9 பாஸாவ் போய்ச் சேர்ந்து 10 அன்று கப்பலேறுவதாக வைத்துக்கொள்வோம். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு, அதாவது மார்ச் 9 முதல் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாள் முன்பு. முடிவுக்குப் பொதுவாக 15 நாள், கூடுதல் விசாரணை வந்தால் 45 நாள் வரை ஆகலாம். கப்பல் நிறுவனம் மீதித் தொகையை 90 நாள் முன்பு கேட்டால் அது ஜூன் 12. அதற்குப் பிறகு ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும்.

எனவே ஜூன் 12-க்குள் விசா கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் முன்பணம் மட்டும் கட்டி அறையைப் பிடியுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மார்ச்சிலேயே சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்தில் நேரம் பிடியுங்கள். கோடை நெருங்க நெருங்க, இடம் கிடைப்பது கஷ்டம். விசா வந்ததும் மீதித் தொகை, அதன்பின் விமான டிக்கெட். விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் இருந்தால் போதும், முழுப் பணம் கட்டிய விமான டிக்கெட் தேவையில்லை. இதைத் தலைகீழாகச் செய்து, சலுகை முடிகிறது என்று டிக்கெட்டை முதலில் வாங்கி, பின்பு விசாவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் படும் பதற்றம் தேவையே இல்லாதது.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. இவை 2024 ஜூன் முதல். சேவை மையக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

கப்பல் பயணத்துக்கென்று கூடுதலாக ஒரு தாள் வையுங்கள். தங்குமிடம் என்ற இடத்தில் விடுதிப் பெயர்களோடு கப்பல் பெயரும் வரும். அதிகாரிக்கு எந்த இரவு எந்த நாடு என்பது கப்பல் உறுதிச் சீட்டிலிருந்து உடனே புரியாது. நாலாவது படியில் போட்ட இரவுக் கணக்கை அட்டவணையாக்கி முகப்புக் கடிதத்தில் சேருங்கள்: தேதி, இரவு தங்கும் ஊர், நாடு, விடுதியா கப்பலா. ஓய்வூதியர்கள் ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கையும், மகனோ மகளோ செலவு செய்தால் அவர்கள் கடிதத்தோடு வருமான வரிக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

விமானம், போவது மியூனிக், வருவது புடாபெஸ்ட் என்று இருக்கட்டும். மியூனிக்குக்கே திரும்ப வரும் டிக்கெட் சில ஆயிரம் குறைவாகத் தெரியும். ஆனால் புடாபெஸ்டிலிருந்து மியூனிக்குக்கு ரயிலில் ஏறத்தாழ ஏழு மணி நேரம், அதோடு ஒரு நாளும் போய்விடும். துபாய், தோஹா வழியாக இரண்டு ஊருக்கும் விமானம் உண்டு. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானத்தில் போனால், அங்கிருந்து பாஸாவுக்கு மாறாமல் போகும் ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயில் இருக்கிறது.

கப்பலேறும் நாளிலேயே போய் இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மியூனிக் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகாமலே லாண்ட்ஸ்ஹூட் போய், அங்கே மாறி பாஸாவ் போகலாம். வட்டார ரயில்களுக்கு பவேரியா மாநிலத்தின் ஒருநாள் குழுச் சீட்டு ஒன்று உண்டு, ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். வேலை நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும்.

8. சாப்பாடு, மருந்து: எழுத்தில் சொல்லுங்கள்

சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை சேருமா, மீன் சேருமா, சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர், இனிப்பில் ஜெலட்டின் கூடாது என்பதெல்லாம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அறை பதியும்போது ஒரு தடவை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மின்னஞ்சலில் ஒரு தடவை, முதல் நாள் மாலை உணவறைத் தலைவரிடம் நேரில் ஒரு தடவை. மளிகை, காய்கறியை முன்கூட்டியே ஏற்றுவதால் கப்பலில் போய்ச் சொன்னால் சமையல்காரருக்கும் வழியிருக்காது. ஏழு நாளும் பாஸ்தாதான் வரும்.

ஊரிலிருந்து எடுத்துப் போவதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெயில் போட்ட ஊறுகாய், புளிக்காய்ச்சல் இவற்றைக் கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்கலாம். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். தீ ஆபத்து என்று கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஆற்றுக் கப்பல்களில் பொதுவாக மருத்துவர் இருக்க மாட்டார், தேவைப்பட்டால் அடுத்த ஊரில் காட்டுவார்கள். வழக்கமான மாத்திரைகளை இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டையும் வாங்குங்கள், இந்திய வணிகப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காப்பீடு செல்லுமா என்று பார்க்க வேண்டும். விசாவுக்கு வாங்கும் மலிவான காப்பீடு பலவற்றில் செல்லாது.

9. ஊர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லா ஊரிலும் வழிகாட்டியின் பின்னால் நடக்க வேண்டியதில்லை. பாஸாவ், பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் மூன்றிலும் கப்பல் பெரும்பாலும் பழைய நகரை ஒட்டியே நிற்கும், இறங்கி நீங்களே நடக்கலாம். பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் மூன்று ஆறுகளும் சேரும் முனைக்குப் போய் நில்லுங்கள். மூன்று நீரும் நிறம் வேறு வேறு, சேர்ந்த பிறகும் சிறிது தூரம் தனித்தனியாகத் தெரியும்.

மெல்க் மடத்துக்கு வழிகாட்டியோடு போவது நல்லது. 1089 முதல் பெனடிக்ட் துறவிகள் இருக்கும் இடம். இப்போது நிற்கும் கட்டடம் 1702-இல் தொடங்கியது. நூலகமும் தேவாலயமும் விளக்கம் கேட்டுப் பார்க்க வேண்டியவை. துறையிலிருந்து மேடேறி நடக்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் பேருந்து உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். எல்லா ஊரிலும் கருங்கல் பாவிய தெருக்கள்தான். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடித்த, பழகிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

லின்ஸிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு ஒருநாள் சுற்று விற்பார்கள். போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பேருந்திலேயே கழியும். சால்ஸ்பர்க் பார்க்க ஆசை இருந்தால் கப்பலேறும்முன் அங்கே ஓர் இரவு தங்குங்கள், இரவுக் கணக்கிலும் ஆஸ்திரியா ஒன்று கூடும். அதே பணத்துக்கு லின்ஸிலிருந்து செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் கிடைத்தால் அதை எடுக்கலாம். தூரம் குறைவு, ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் அந்தப் பழைய ஊரை அரை நாளில் நிறைவாகப் பார்க்கலாம்.

வியன்னாவில் கப்பல் ஊருக்கு வெளியே நிற்கும். ரைக்ஸ்புரூக்கே பாலத்துக்குப் பக்கத்தில் என்றால் ஃபோர்கார்டன்ஷ்ட்ராஸ நிலையத்துக்கு நடந்துபோய் யூ1 மெட்ரோவில் ஏறினால் நாலாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், நகரின் நடுப்பகுதி. நுஸ்டோர்ஃப் துறை என்றால் டி டிராம். எந்தத் துறை என்பதை முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஷோன்புரூன் அரண்மனைக்கும் புடாபெஸ்ட் நாடாளுமன்றத்துக்கும் நேரம் குறித்த சீட்டு, விசா வந்த கையோடு இணையத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்க நினைத்தால் கப்பல் நிற்கும் நேரத்துக்குள் கிடைக்காமல் போகலாம்.

10. புறப்படும் வாரம்

பத்து நாள் முன்பிலிருந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். ஆஸ்திரியப் பகுதிக்கு டோரிஸ் என்ற அரசு நீர்வழித் தளம், ஜெர்மன் பகுதிக்கு எல்விஸ். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு வாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நீர் ஏறியிருந்தால் பாஸாவில் ஏற்றாமல் ஃபில்ஸ்ஹோஃபனிலோ லின்ஸிலோ ஏற்றுவார்கள். கடைசி மின்னஞ்சலில் துறையின் பெயர் மாறியிருக்கிறதா என்று கவனித்துப் படியுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இரண்டு வட்ட முள் அடாப்டர் இரண்டு வாங்குங்கள். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட்தான்.

11. கப்பலில் இருக்கும்போது

கரைக்கு இறங்கும்போது கொடுக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு, துறையின் பெயரையும் கப்பலின் தொலைபேசி எண்ணையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகை எண்ணையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. டான்யூபில் தூரம் கடல்முகத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுகிறது. வியன்னா 1929, புடாபெஸ்ட் 1647 என்று எண் குறைந்துகொண்டே வரும். எங்கே இருக்கிறோம் என்பதைப் பலகையைப் பார்த்தே சொல்லலாம்.

கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பு திரும்பிவிடுங்கள். தவறிப்போய்க் கப்பல் போய்விட்டால் பதற வேண்டாம். அது மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில்தான் போகிறது, ரயில் எளிதில் முந்திவிடும். கப்பலுக்குப் போன் செய்து அடுத்து எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று கேட்டு, ரயிலில் அங்கே போய் நில்லுங்கள். பாஸ்போர்ட்டைப் பல கப்பல்களில் வரவேற்பறையில் வாங்கி வைத்திருப்பார்கள், அதனால் அதன் நகலும் விசாப் பக்கமும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பணம் ஹங்கேரியில் மட்டும் ஃபோரிண்ட், மற்ற மூன்று நாட்டிலும் யூரோ. அட்டையில் செலுத்தும்போது ரூபாயில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்திலேயே செலுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் நன்றாக இழப்பீர்கள். கழிப்பறைக்குச் சில்லறை யூரோ வேண்டும்.

12. இறங்கும் நாள்

கடைசி நாள் முந்தின இரவே பெட்டியில் நிறப் பட்டை கட்டி வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடை, மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை மூடுங்கள். அறையை எட்டு, ஒன்பது மணிக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும். விடுதி அறை மதியம்தான் கிடைக்கும், பெட்டியை மட்டும் விடுதியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். புடாபெஸ்ட் விமான நிலையத்துக்கு டெயாக் சதுக்கத்திலிருந்து 100இ பேருந்து போகிறது. சாதாரண நகரச் சீட்டு அதற்குச் செல்லாது, தனிச் சீட்டு வாங்க வேண்டும்.